விட்டுடு

மைசூரு, அசோகபுரம்
10.2.2024

என்ற கண்ணு ஸ்வாதிக்கு அம்மாயி எழுதறது. இங்கே இடுப்பைத் தவிர மத்ததெல்லாம் நல்லா இருக்குது. நீயும் மாப்பிள்ளை அருண்ராஜும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கீங்கன்னு நம்பறேன்.

தேவராஜ மார்க்கெட்டுல வாழைத்தண்டு வாங்கப் போயி வழுக்கி விழுந்தவ, ஆபரேஷன் ஆகி இப்ப வாக்கரைப் பிடிச்சுட்டு நடக்கறேன். வாசலுக்கும் கக்கூஸுக்கும்தான் என்ற யாத்திரை. ரயிலு, பஸ்ஸெல்லாம் இந்த வருஷம் மறந்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்க மாமன் உதயகுமார் தினம் போனை நீட்டறான். மூஞ்சி தெரியுது, என்ற செவிட்டுக் காதுக்குப் பேச்சு கேக்கல. நீ வாயை அசைக்கறே, நான் தலையை ஆட்டறேன். வாட்சாப்புல எழுதி அனுப்பினாப் போதாதான்னு உங்க அத்தை கனகா கேக்கறா. கடுதாசின்னா தபால்ல வரணும், உறையைக் கிழிக்கணும். நான் கௌதள்ளியில அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் தமிழ் படிச்சவ. நீ கன்னட ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடியே உன் கையைப் பிடிச்சு 'அ' போட வெச்சவ. உன் கையெழுத்தைப் பாத்தாத்தான் எனக்கு நீ பேசின மாதிரி.

விஷயம் என்னன்னா, எதிர்வீட்டு பசம்மாகிட்ட உன்னைப் பத்திப் பெருமை பேசி மாட்டிகிட்டேன். என்ற பேத்தி ஹைதராபாத்துல ஆராய்ச்சி பண்றான்னேன். எதைப் பத்தின்னு கேட்டா. உடம்புக்குள்ள அணு எப்படிச் சாகுதுங்கறதைப் பத்தின்னேன். அவ என் காதுக்குள்ள வந்து கத்தறா, "ஏனம்மா, சாகறதுக்குமா காலேஜு? நம்ம தெருவுல படிக்காதவங்களே ஜோரா சாகறாங்களே!" எனக்குப் பதில் சொல்லத் தெரியல. இடுப்பு ஒடிஞ்சதை விட அதுதான் வலிச்சுது.

பசம்மா வாயை அடைக்கற மாதிரி, எனக்குப் புரியற மாதிரி, நீ என்ன பண்றேன்னு எழுது. தலைக்கு எண்ணெய் வெச்சுக் குளி.

உன் கையெழுத்துக்குக் காத்திருக்கற
அம்மாயி சாமியாத்தாள்


ஹைதராபாத்
24.2.2024

அன்புள்ள அம்மாயிக்கு ஸ்வாதி எழுதறது. இடுப்பு வலி குறைஞ்சுதாங்க? நீங்க வாக்கர் இல்லாம நடந்து பாக்கறீங்கன்னு மாமா கோள் சொன்னார். வேண்டாங்க. நாங்க நல்லா இருக்கோம். இந்தக் கடிதத்துல தப்பு இருந்தா சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்பாதீங்க. போன தடவை அருண் அதைப் பாத்துட்டு ஒரு வாரம் சிரிச்சார்.

பசம்மாகிட்ட இப்படிச் சொல்லுங்க. நம்ம உடம்பு கோடி கோடி செல்லுங்களால ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சில புரதங்க இருக்கு. அதுல ரெண்டு கட்சி. ஒரு கட்சி, "விடாதே, உயிரைப் பிடிச்சுக்கோ"ங்கும். இன்னொரு கட்சி, "போதும், விட்டுடு"ங்கும். எந்தக் கட்சி கை ஓங்குதோ அதுபடி அந்த செல்லு இருக்கும், இல்லேன்னா போயிடும். அடிபட்டுச் சாகறது இல்லைங்க இது. பக்கத்துல இருக்கறதுக்கு ஒரு தொந்தரவும் கொடுக்காம, தன்னைத்தானே மடிச்சு வெச்சுட்டுப் போற சாவு.

வயித்துல குழந்தை உருவாகறப்ப கை முதல்ல வாத்துக் கால் மாதிரி ஒரே தட்டையா இருக்கும். நடுவுல இருக்கற சதைக்கு 'விட்டுடு'ன்னு சேதி வரும். அந்த செல்லுங்க போனதுக்கு அப்புறம்தான் விரல் விரலா பிரியும். உங்க விரலுங்க நடுவுல இருக்கற சந்தெல்லாம் செத்தவங்க விட்டுட்டுப் போன இடம்தான்.

நான் எலிக் கருவுல படிக்கறது 'விடாதே' கட்சியில இருக்கற ஒரு புரதம். அது இல்லைன்னா கரு கர்ப்பப்பையில ஒட்டறதுக்கு முன்னாடியே அழிஞ்சுடும். அதே கட்சி அளவு மீறினா, போக வேண்டிய செல்லு போகாம உக்காந்துட்டுப் பெருகும். கேன்சர் வர்றதுக்கு அது ஒரு வழி. இல்லாமப் போனாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து. இவ்வளவுதாங்க என் படிப்பு.

இன்னொரு சேதி, இது எலியைப் பத்தி இல்லைங்க. எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. ஏழு வாரம்னு ஸ்கேன்ல சொன்னாங்க. இப்ப அதுக்குக் கை வாத்துக் கால் மாதிரிதான் இருக்கும்.

உங்க சிரிச்ச மூஞ்சியை இங்கேருந்தே பாக்கற
ஸ்வாதி


மைசூரு
4.3.2024

தங்கமே ஸ்வாதிக்கு அம்மாயி. எனக்கு இன்னிக்கு இடுப்பே வலிக்கல, அவ்வளவு சுகம். உனக்கு வாந்தி எப்படி? காலையில வெறும் வயித்துல இருக்காதே.

முதல்ல பசம்மா கதையைக் கேளு. அவ முன்னாடி கையை விரிச்சு, "இந்தச் சந்தெல்லாம் செத்தவங்க விட்டுட்டுப் போன இடம், தெரியுமா?"ன்னேன். அவ தன் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "ஐயோ சிவனே"ன்னுட்டு எழுந்து போனவ ரெண்டு நாளா வாசப்பக்கம் வரல. அப்புறம் வந்து நான் கொள்ளுப்பாட்டி ஆகப் போற சேதியைக் கேட்டுட்டு சர்க்கரை கேட்டு வாங்கித் தின்னுட்டுப் போனா.

கனகாகிட்ட பழைய நூல் சேலையெல்லாம் எடுத்துக் கொடுக்கச் சொல்லி தொட்டிலுக்கும் இடுப்புத் துணிக்கும் கிழிச்சுத் தைக்கறேன். உக்காந்த எடத்துல செய்யற வேலைதானே.

ஒண்ணு மட்டும் சொல்றேன், பயப்படாதே. உங்கம்மா கௌரம்மா உன்னைப் பெத்த அன்னிக்கே கண்ணை மூடினா. ஒரு கையில உன்னைக் கொடுத்தாங்க, இன்னொரு கையை அவ நெத்தியில வெச்சிருந்தேன். இந்தக் கையில நீ சூடா இருந்தே, அந்தக் கையில அவ ஆறிட்டே போனா. அதனால ஆஸ்பத்திரியை நல்லதாப் பாரு. வேற ஒண்ணும் இல்லை.

இன்னொண்ணு. நேத்து போன்ல கழுத்தைச் சுத்தி துப்பட்டா போட்டிருந்தே. மாசி வெயில்ல எதுக்கு அது? காதுக்குக் கீழே வீங்கின மாதிரி இருந்துச்சு. நான் செவிடிதான், குருடி இல்லை. பதில் எழுது.

சீக்கிரமே கொள்ளுப்பாட்டி ஆகப் போற
அம்மாயி


ஹைதராபாத்
17.3.2024

அன்புள்ள அம்மாயிக்கு ஸ்வாதி எழுதறது. நீங்க நல்லா இருக்கணும். இதைப் படிக்கறப்ப பக்கத்துல மாமாவையோ அத்தையையோ வெச்சுக்கங்க.

நீங்க பாத்தது சரி. துப்பட்டாவுக்குக் கீழே கட்டி. சதையை எடுத்துச் சோதிச்சாங்க. லிம்போமாங்கற கேன்சர். ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுவுல வர்றது. அது ஏன் வந்துச்சுன்னு பாத்தா, 'விடாதே' கட்சியில பி.சி.எல்-2ன்னு ஒரு புரதம், பஸ் நம்பர் மாதிரிப் பேரு, அது என் கட்டிக்குள்ள நிறைஞ்சு கிடக்கு. அந்த செல்லுங்களுக்கு பலம் ஒண்ணும் இல்லைங்க அம்மாயி. சாகத் தெரியல, அவ்வளவுதான்.

அந்தப் புரதத்தோட வாயைக் கட்டிப் போடறதுக்கு மாத்திரை இருக்கு. வாயைக் கட்டினா செல்லு தானா விட்டுடும். ஆனா வயித்துல இருக்கறதும் அந்தக் குடும்பத்துப் புரதங்களைப் பிடிச்சுகிட்டுத்தான் வளருது. அதனால கர்ப்பத்தோட அந்த மாத்திரையைக் கொடுக்க மாட்டாங்க.

டாக்டர் ரெண்டு வழி சொல்றார். ஒண்ணு, இப்பவே கருவை எடுத்துட்டு முழு வைத்தியமும் தொடங்கறது. இன்னொண்ணு, மூணு மாசம் தாண்டற வரைக்கும் காத்திருந்து, பழைய கீமோ மட்டும் போட்டுக்கறது, மாத்திரை பிரசவத்துக்கு அப்புறம். நோய் வேகமா ஓடுதாம். காத்திருந்தா கைக்குள்ள சிக்காமப் போகலாம்னு நேராவே சொல்லிட்டார்.

அருண் உன் இஷ்டம்ங்கறார். மாமா வாயைத் திறக்கல. எனக்கு நீங்க ஒரு வார்த்தை எழுதணும்.

உங்க
ஸ்வாதி


மைசூரு
21.3.2024

கண்ணு,

கடுதாசி கெடைச்சுது. சுகம்னு எழுத வரல, மன்னிச்சுக்கோ. உதயனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனுக்கும் கனகாவுக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்குது. செவிடிக்குக் கடைசியிலதான் சேதி வரும்.

மாப்பிள்ளை உன் இஷ்டம்னு சொன்னாருன்னு எழுதியிருக்கே. அவரு நல்லவரு, ஆனா அது பதில் இல்லை. என்னைக் கேட்டே, நான் சொல்றேன். விட்டுடு.

அதையே நெனைச்சு நெனைச்சு உடம்பைக் கெடுத்துக்காதே. விட்டுடு சாமி. அதுக்கு மேல எனக்கு எழுத வரல.

டாக்டர் சொல்றதைக் கேளு. நான் வர்றேன்னா இந்த இடுப்பு வரவிடாது. கட்டில்ல உக்காந்துட்டு ஹைதராபாத் எந்தத் திசைன்னு உதயனைக் கேட்டேன். வடக்குன்னான். அந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கேன்.

அம்மாயி


ஹைதராபாத்
6.4.2024

அம்மாயிக்கு,

நீங்க எழுதின வார்த்தையைப் படிச்சேன். அப்படியே செஞ்சேன். விட்டுட்டேன் அம்மாயி. அதுக்கு மேல எனக்கும் எழுத வரல.

அடுத்த வாரம் கீமோ தொடங்கறாங்க. முடி கொட்டிடும், போன்ல பாத்துட்டு அழாதீங்க. உடம்புல எதிர்ப்பு சக்தி இருக்காதாம், யாரும் வந்து பாக்கக் கூடாதாம். அதனால நீங்க வர முடியலையேன்னு வருத்தப்பட வேண்டாம்.

உங்க இடுப்பைப் பாத்துக்கங்க.

ஸ்வாதி


மைசூரு
13.4.2024

என்ற சாமிக்கு அம்மாயி எழுதறது. நீ சுகமாகணும், அதைத் தவிர இந்தக் கடுதாசியில கேக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்லை.

விட்டுட்டேன்னு நீ எழுதினதைப் படிச்சுட்டு கடுதாசியை மடியிலயே வெச்சிருந்தேன். சித்திரை பொறக்குது, கனகா மாங்காய்ப் பச்சடிக்கு வெல்லம் தட்டறா. எனக்கு அடுப்படிப் பக்கம் போகப் பிடிக்கல.

தைச்சு வெச்சிருந்த துணியெல்லாம் பசம்மா மருமகளுக்குக் கொடுத்துட்டேன். அவளும் முழுகாம இருக்கறா. பசம்மா எதுக்குன்னு கேக்கல. வாங்கிட்டு, என் கையைக் கொஞ்ச நேரம் பிடிச்சிருந்துட்டுப் போனா.

நீ பண்ணினதுல உனக்குப் பாவம் இல்லை. நான் சொன்னேன், நீ செஞ்சே. சேர்றதா இருந்தா என்னைச் சேரட்டும், நான் தின்னு முடிச்ச கட்டை. அதுக்கு விரல் பிரிஞ்சிருக்கும் இந்நேரம், இல்லையா? இதை எழுதியிருக்கக் கூடாது, எழுதிட்டேன்.

குழந்தை போன உடம்பும் பெத்த உடம்புதான். பச்சைத் தண்ணி தொடாதே. மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வெச்சுக் குடி. மாப்பிள்ளைக்கு வெக்கத் தெரியலேன்னா எழுது, படிப்படியா எழுதி அனுப்பறேன்.

உன்னைப் பக்கத்துல வெச்சுக்க முடியாத
அம்மாயி


மைசூரு
12.7.2024

ஸ்வாதிக்கு,

என்ற உடம்பை நீ விசாரிக்க வேண்டாம், உன் உடம்பை நான் விசாரிக்கல. மூணு மாசமா நான் எழுதினதுக்கெல்லாம் தபால் கார்டுல ரெண்டு வரி. "நல்லா இருக்கேன், கட்டி குறையுது." போன்ல மூஞ்சி மட்டும், கழுத்துக்குக் கீழே காட்டறதில்லை. மெலிஞ்ச உடம்பை நீ மறைக்கறேன்னு நெனைச்சேன்.

நேத்து பசம்மா மார்க்கெட்டுலேருந்து வந்தா. "கனகா கோலாகலமா வளையல் கடையில நிக்கறாளே, யாருக்கு விசேஷம்?"னு காதுக்குள்ள கேட்டா. சாயங்காலம் கனகா ஊருக்குப் போறதுக்குப் பொட்டி அடுக்கினா. வாக்கரைத் தள்ளிட்டுப் போயி நானே திறந்து பாத்தேன். பச்சைக் கண்ணாடி வளையல்.

உதயனைக் கூப்பிட்டேன்.

"இது யாருக்குடா?"

"கனகாவுக்கும்மா."

"மூணு டஜனா? உன் பொண்டாட்டிக்கு எத்தனை கையிடா?"

அவன் சுவத்தைப் பாத்தான். அப்புறம் என் காதுகிட்ட குனிஞ்சு, "ஏழாம் மாசம்மா. ஸ்வாதிக்கு"ன்னான். அழுதுட்டே சொன்னான், அதனால ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்துச்சு.

மூணு மாசமா நான் ஒரு உசுரைக் கொல்லச் சொன்னவளா இந்த வீட்டுல சோறு தின்னிருக்கேன். அது அங்கே உன் வயித்துல உதைச்சுட்டு இருந்திருக்குது. நீ அந்தக் கடுதாசியை வாங்கிப் படிச்சே. பூண்டு ரசம் வெச்சுக் குடின்னு நான் எழுதினதையும் படிச்சே.

கலைச்சுடுன்னு நான் எழுதியிருக்கணும். எனக்குக் கை கூசுச்சு. முழுகாம இருக்கறவளுக்கு அந்த எழுத்தை எழுதித் தபால்ல போட்டா, அந்த எழுத்தே போயி ஏதாச்சும் பண்ணிடுமோன்னு பயந்துட்டு விட்டுடுன்னு எழுதினேன். அந்தச் சந்துல நீ புகுந்துட்டே.

மூணு மாசம் மாத்திரை இல்லாமப் போச்சே ஸ்வாதி. இதுக்கு என்ன பதில் வெச்சிருக்கே?

சாமியாத்தாள்


ஹைதராபாத்
20.7.2024

அம்மாயிக்கு, உங்க காலைத் தொட்டு ஸ்வாதி எழுதறது. விசாரிக்க வேண்டாம்னாலும் விசாரிப்பேன். வாக்கரைத் தள்ளிட்டு அவசரமா நடந்தீங்களே, கீழே விழலையே?

நீங்க எந்த அர்த்தத்துல எழுதினீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியுங்க. உறையைக் கிழிச்ச உடனே தெரியும். ஆனா தொடாம விட்டுடுங்கறதும், கைவிட்டுடுங்கறதும் எழுத்துல ஒண்ணாத்தான் இருந்துச்சு. நீங்க சொல்லிக் கொடுத்த தமிழ்தானே. எனக்கு வேண்டிய பக்கத்தை எடுத்துகிட்டேன். நான் எழுதின 'விட்டுட்டேன்' பொய் இல்லை. ஆனா நீங்க அதை வேற அர்த்தத்துல படிப்பீங்கன்னு தெரிஞ்சேதான் எழுதினேன். மாமாவையும் அத்தையையும் திட்டாதீங்க, சத்தியம் வாங்கினது நான்.

எனக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கு. கோபப்படாம படிங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரியில உங்களை யாராவது கேட்டிருந்தா, கௌரம்மா வேணுமா, வயித்துல இருக்கறது வேணுமான்னு, நீங்க இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பீங்க. அது நியாயங்க. பெத்தவ அப்படித்தான் சொல்லணும். ஆனா அந்த வயித்துல இருந்தது நான்.

கட்டி முதல் ரெண்டு கீமோவுல குறைஞ்சுது. இப்ப குறையல, வளரவும் இல்லை. ஆகஸ்ட் கடைசியில குழந்தையை முன்கூட்டியே எடுத்துடுவாங்க. அடுத்த நாளே மாத்திரை. டாக்டரும் உங்களை மாதிரியே திட்டறார், ஆனா இங்கிலீஷ்ல.

வளையல் அளவு சரியா இருக்கு. கை மெலிஞ்சதால மணிக்கட்டுக்கு மேல வரைக்கும் ஏறுது.

உங்க கோபத்துக்கு முழுசா உரியவ,
ஸ்வாதி


மைசூரு
8.9.2024

என்ற கண்ணு ஸ்வாதிக்கும், ஊருக்குப் புதுசா வந்தவளுக்கும் அம்மாயி எழுதறது. ரெண்டு பேரும் பால் குடிச்சுத் தூங்கி நல்லா இருங்க.

நீ போன கடுதாசியில எழுதினதுதான் மண்டையில ஓடிட்டே இருந்துச்சு. அதனாலதான் இத்தனை நாளா எழுதல. கோவம்னு நெனைச்சிருப்பே. முதல்ல கோவம்தான். அப்புறம் தினம் காலையில உக்காந்து யோசிப்பேன், அன்னிக்கு என்னைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு. தினம் அதே பதில்தான் வந்துச்சு. அந்தப் பதிலைச் சொன்னா நீ இல்லை. உன் மூஞ்சியைப் போன்ல பாத்துட்டு அதை எப்படி எழுதுவேன்?

உதயன் போட்டோ காட்டினான். ஒரு கைப்பிடி இருக்கறா. அத்தனை ஒயரு, குழாய். பெரிசாக்கிக் காட்டுடான்னு கையை மட்டும் பாத்தேன். பத்தும் தனித்தனியா, நகத்தோட. பசம்மாவுக்கும் காட்டினேன். அவ எண்ணிப் பாத்துட்டு, "செத்தவங்க நல்லா வேலை பாத்திருக்காங்க"ன்னா.

என்ற பேரை வெக்கலாம்னு நீ சொன்னதா உதயன் சொன்னான். சாமியாத்தாள்னு ஒரு குழந்தையைக் கூப்பிட்டா அது ஸ்கூல்ல என்ன பாடுபடும்? பூங்குழலின்னு மாப்பிள்ளை சொன்னாராமே, அதுவே நல்லா இருக்குது. உனக்குக் கொட்டினதெல்லாம் சேத்து அவளுக்கு முளைக்கட்டும்.

மாத்திரை தொடங்கியாச்சா? மாத்திரை சாப்பிடறப்ப தாய்ப்பால் கொடுக்கக் கூடாதாமே. பால் கட்டிக்கிட்டு வலிக்கும். மல்லிகைப் பூவை மார்ல வெச்சுக் கட்டு, சுரக்கறது நிக்கும்.

பசம்மா அந்தத் துணியில பாதியைத் திருப்பிக் கொடுத்துட்டா. தைக்கறேன்.

அம்மாயி


ஹைதராபாத்
17.11.2024

அம்மாயிக்கு ஸ்வாதி எழுதறது. பூங்குழலி நல்லா இருக்கா. வீட்டுக்கு வந்து எடை ஏறியாச்சு. என் விரலைப் பிடிச்சா விட மாட்டேங்கறா. இந்த எழுத்து கோணலா இருக்கு, தெரியும். அருண் எழுதித் தரேன்னார். நான்தான் வேண்டாம்னேன். திருத்தாதீங்க.

மாத்திரை முதல் மாசம் நல்லா வேலை செஞ்சுதுங்க. கட்டி வெண்ணெய் மாதிரி கரைஞ்சுது. போன்ல கழுத்தைக் காட்டினேனே, அப்ப. இப்ப திரும்பி வந்துடுச்சு. கழுத்துல, மார்ல, வயித்துல.

அந்த மாத்திரை பி.சி.எல்-2 வாயைத்தான் கட்டும். கட்டியில இருக்கற செல்லுங்க அதை விட்டுட்டு அதோட அக்காவைப் பிடிச்சுகிச்சு. எந்த அக்கான்னு ரிப்போர்ட்டுல பேரைப் பாத்தப்ப சிரிப்பு வந்துச்சு. நான் எலிக் கருவுல படிச்சேனே, அதே புரதம். அது இருந்ததாலதான் பூங்குழலி என் வயித்துல ஒட்டினா. அதுதான் இப்ப என்னையும் பிடிச்சுட்டு விட மாட்டேங்குது.

முன்னாடியே மாத்திரை சாப்பிட்டிருந்தா இப்படி ஆகியிருக்காதான்னு டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாதுன்னார். நிஜமாவே யாராலயும் சொல்ல முடியாது அம்மாயி. நீங்களும் அதைக் கேட்டுட்டு உக்காராதீங்க.

இன்னொரு மருந்து இருக்காம். பிடிக்கும்னு யாரும் சொல்லல. அதுக்கு ஐ.சி.யூ.வுல படுக்கணும், குழந்தையை உள்ளே விட மாட்டாங்க. நான் வேண்டாம்னுட்டேன். அருண் ஒத்துக்கல. மாமா ஹைதராபாத்துக்கே வந்து நின்னு கத்தினார், சண்டை போட்டுட்டு நேத்து ரயில் ஏறினார். நீங்க சொன்னா ரெண்டு பேரும் கேப்பாங்க.

என்னை விட்டுடச் சொல்லுங்க அம்மாயி. இந்தத் தடவை அந்த வார்த்தைக்கு ஒரு அர்த்தம்தான்.

ஸ்வாதி


மைசூரு
20.11.2024

என்ற சாமி ஸ்வாதிக்கு அம்மாயி எழுதறது.

இது தபால்ல வராது. எழுதி முடிச்ச உடனே உதயன் போட்டோ பிடிச்சு மாப்பிள்ளை போனுக்கு அனுப்புவான். உறையைக் கிழிக்கறதெல்லாம் நேரம் இருக்கறவங்களுக்கு.

உன் எழுத்து ஒண்ணும் கோணல் இல்லை. உனக்கு நாலு வயசுல 'அ' போட வெச்சப்பவும் இப்படித்தான் இருந்துச்சு. திருத்தறதுக்கு ஒண்ணும் இல்லை.

மாப்பிள்ளைக்கு: இதை நீங்கதான் அவளுக்குப் படிச்சுக் காட்டப் போறீங்க, அதனால உங்களுக்கும் சேத்தே எழுதறேன். அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஊசி, குழாயெல்லாம் வலிக்கு மட்டும் போதும். குழந்தையை அவ பக்கத்துல படுக்க வையுங்க. சாமியாத்தாள்தான் சொன்னான்னு நாளைக்கு யார் கேட்டாலும் சொல்லுங்க, என்ற வார்த்தையாவே இருக்கட்டும். உதயன் அங்கேருந்து வந்ததும் என் மடியில தலையை வெச்சு அழுதான். இப்ப ஒத்துகிட்டான்.

கண்ணு, நான் இன்னிக்கு ரயில் ஏறறேன். டாக்டர் கூடாதுன்னாரு. எத்தனை நாளைக்கு இந்த இடுப்பை யாருக்காகப் பத்திரப்படுத்தறதுன்னு கேட்டேன், போகலாம்னு சீட்டு எழுதிக் கொடுத்துட்டாரு. ஸ்டேஷன்ல சக்கர நாற்காலி இருக்குதாம். உதயன் வர்றான். பசம்மாவும் கேக்காமயே பையைக் கட்டிட்டா. "உனக்குக் காது கேக்காது, அங்கே யாரு என்ன சொல்றாங்கன்னு உன் காதுல கத்தறதுக்கு ஆள் வேண்டாமா?"ங்கறா. அவளுக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது.

பூங்குழலிக்குத் தைச்ச துணியெல்லாம் எடுத்துகிட்டேன். அவளை நான் வளத்துடுவேன்னு பொய் சொல்ல மாட்டேன், எனக்கு எழுபத்தெட்டு ஆகுது. தமிழ் எழுத்து வரைக்கும் பாத்துக்கறேன். மீதிக்கு அவங்கப்பா இருக்காரு, கனகா இருக்கறா.

உங்கம்மா போனப்ப அவ நெத்தியில ஒரு கைதான் வெச்சிருந்தேன். இன்னொரு கையில நீ இருந்தே. இந்தத் தடவை குழந்தையைப் பசம்மா வெச்சுக்குவா. உனக்கு என் ரெண்டு கையும்.

கேட்டுக்கோ சாமி. நான் வர்ற வரைக்கும் விடாதே. வந்து உன்னைப் பிடிச்சதுக்கு அப்புறம், விட்டுடு.

வந்துட்டே இருக்கற
அம்மாயி